பட்டாதாரர் கோட்டைக்கு வந்தபோது: ஓமந்தூரார் ஆட்சி, 1947–1949

விவசாயி ஒருவர் முதலமைச்சர் ஆனார் என்றால் நம் மேடைகளில் ஒரு சித்திரம் ஆயத்தமாக வந்து நிற்கும். கதர் வேட்டி, காய்ப்பேறிய கை, சூதறியாத பேச்சு, பதவியைத் துச்சமாக எண்ணும் மனம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்கு இந்தச் சித்திரம் பொருந்தாது என்று வாதிட நான் வரவில்லை. பெருமளவு பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை என்பதே என் குறை. 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை, இரண்டே ஆண்டுகளும் சில நாட்களும், அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். அன்று மாகாண முதலமைச்சர்களை அப்படித்தான் அழைத்தார்கள். கஞ்சம் எல்லையிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் வரை, மலபாரையும் தென் கன்னடத்தையும் சேர்த்துக்கொண்டு கிடந்த ஒரு பெரு மாகாணம் அது. அந்தக் குறுகிய காலத்தில் ஜமீன் ஒழிப்பு, ஆலய நுழைவு, தேவதாசி ஒழிப்பு, மாகாணம் முழுக்க மதுவிலக்கு என்று சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. நல்ல மனிதர் ஆகையால் நல்ல சட்டம் போட்டார் என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், அதே மனிதர் செய்யாமல் விட்டவற்றுக்கும் செய்த சில கடுமைகளுக்கும் பதில் இல்லாமல் போகும். ஆகவே அவருடைய குணத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் நின்ற நிலத்தைப் பார்க்கலாம் என்பது இந்தச் சொற்பொழிவின் வழி. நிலம் என்று நான் சொல்வதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1 அன்று பிறந்த ஓமந்தூர், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் திண்டிவனத்துக்கு அருகே உள்ள ஊர். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் வானம் பார்த்த புஞ்சையும் கலந்த வட்டாரம். அங்கே மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைதான் கையில் காசு காட்டிய பயிர். இந்த மண்ணில் முக்கியமான செய்தி பயிரைவிட நிலவரி முறை. தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரிப் பகுதி. அதாவது நிலத்தை வைத்திருப்பவருக்கும் சர்க்காருக்கும் இடையே ஜமீன்தார் கிடையாது. ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் உண்டு. நஞ்சை, புஞ்சை என்று பிரித்து, மண்ணின் தரம் பார்த்துத் தீர்வை விதித்திருப்பார்கள். பசலி தொடங்கி முடியும்வரை கர்ணம் அடங்கலில் பயிரை எழுதுவார், மணியக்காரர் கிஸ்தியை வசூலிப்பார். ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்குகளைப் பரப்பிவைத்துத் தணிக்கை செய்ய மேலதிகாரி வந்து உட்காருவார். பட்டாவில் பெயர் உள்ளவர் அவர் எதிரே போய் நின்று, ஏரி வற்றியது, விளைச்சல் பொய்த்தது, தீர்வையைத் தள்ளிக் கொடுங்கள் என்று தானே வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டது கிடைத்ததா என்பது வேறு விஷயம், பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு இன்னொருவர் தயவு வேண்டியதில்லை. சர்க்காரோடு நேருக்கு நேர் நிற்கும் இந்தப் பழக்கம் மூன்று தலைமுறை ஊறியபின் ஒரு வகை அரசியல் மனத்தை உண்டாக்குகிறது. இடையில் ஒருவன் எதற்கு என்று கேட்கும் மனம் அது. ஓமந்தூரார் ஆட்சியின் முக்கியமான செயல்களை, அவற்றின் வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்து, இந்தப் பட்டாதார மனத்தைக் கொண்டே விளக்க முடியும் என்பது என் கட்சி.

முதல் சான்று ஜமீன் ஒழிப்பு. 1802க்குப் பின் நிரந்தர நிலவரித் திட்டத்தின்கீழ் வந்த எஸ்டேட்டுகள் மாகாணத்தில் ஏராளம். வடக்கே விஜயநகரம், பொப்பிலி, பிதாபுரம், வெங்கடகிரி. தெற்கே ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம். இங்கெல்லாம் குடியானவர் தம் வாரத்தைக் கட்டியது ஜமீனுக்கு. பக்கத்து ரயத்துவாரி ஊரில் ஏக்கருக்கு என்ன தீர்வையோ அதைவிடப் பல இடங்களில் இது அதிகம். ஏரி மராமத்தோ ஜமீன் விருப்பம். 1947இல் இந்த அமைச்சரவை முதலில் கொண்டுவந்தது எஸ்டேட்டுகளின் வாரத்தைக் குறைக்கும் சட்டம். எந்த அளவுக்குக் குறைப்பது என்பதற்கு அது வைத்துக்கொண்ட அளவுகோலைப் பாருங்கள்: அக்கம்பக்கத்து ரயத்துவாரி நிலங்களின் தீர்வை. அடுத்த ஆண்டு, 1948இன் 26ஆம் சட்டமாக, எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் வந்தது. எஸ்டேட்டுகள் அரசின் கைக்கு வந்தன. சாகுபடி உரிமை உள்ள குடியானவருக்கு ரயத்துவாரிப் பட்டா. ஜமீன்தாருக்கு அவருடைய பண்ணை நிலத்துக்கு மட்டும் பட்டா. இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையிலும் ஒரு படியிறக்கம் இருந்தது. ஆண்டு அடிப்படைத் தொகை சிறிதாக இருந்தால் அதன் 30 மடங்கு வரையும், மிகப் பெரிதானால் 12.5 மடங்கும். உழுபவர்களின் கூட்டுப் பண்ணை, நில உச்சவரம்பு, நிலமற்றவர்க்குப் பகிர்வு என்றெல்லாம் அன்றே உலகில் பல மாதிரிகள் பேசப்பட்டன. இந்தச் சட்டத்தின் கற்பனை அவற்றில் எதையும் நாடவில்லை. விசாகப்பட்டினத்துக் குடியானவரும் சிவகங்கைக் குடியானவரும் திண்டிவனத்துப் பட்டாதாரரைப் போல ஆகிவிட வேண்டும். அதோடு பிரச்சினை தீர்ந்தது என்பதுதான் அதன் கற்பனை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும். ஜமீன் ஒழிப்பு ஓமந்தூராரின் சிந்தனை அல்ல, காங்கிரஸ் திட்டம். 1937இல் அமைந்த ராஜாஜி அமைச்சரவையில் வருவாய்த்துறையைக் கவனித்த தங்குதூரி பிரகாசத்தின் தலைமையில் ஒரு குழு எஸ்டேட்டுகளை ஆராய்ந்து குடியானவர் பக்கம் சாய்ந்து அறிக்கை தந்தது. என். ஜி. ரங்கா போன்றவர்கள் ஆந்திர மாவட்டங்களில் விவசாயிகளைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி நடத்தினார்கள். 1948இல் அவையில் மசோதாவை நடத்திச் சென்றவர் வருவாய்த்துறை அமைச்சர் காளா வெங்கடராவ். இதில் திண்டிவனத்துக்காரருக்கு என்ன தனிப் பங்கு? இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்பதால் என் வாதம் வலுவடைகிறது என்றும் நினைக்கிறேன். ஒரு தனிமனிதரின் தாராள குணமே காரணமாக இருந்திருந்தால்தான் அவருடைய தனிப் பங்கைத் தேட வேண்டும். 1946இல் அந்தச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி வாக்குரிமை எல்லோருக்கும் இல்லை. வரி கட்டுவோர், சொத்துடையோர், ஓரளவு படித்தோர் என்ற வரம்புக்குள் அது நின்றது. கிராமத்தில் அந்த வரம்புக்குள் முதலில் வருபவர் பட்டாதாரர். சட்டமன்றம் ஏற்கெனவே அவருடைய மன்றமாக ஆகியிருந்தது. அதன் தலைமை இருக்கைக்கு பாரிஸ்டர் பிரகாசத்துக்குப் பின் ஒரு பட்டாதாரரே வந்து அமர்ந்தார். பிரகாசத்தை ஓராண்டு முடிவதற்குள் கட்சிக்குள்ளேயே கவிழ்த்ததும், காமராஜர் அணி ஓமந்தூராரை முன்னிறுத்தியதும் கோஷ்டி அரசியல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோஷ்டிகள் ஆள் தேடும்போது கைக்கு எட்டிய ஆள் எந்த வகையானவர் என்பது அந்தக் காலத்தைக் காட்டுகிறது.

நிலத்தை விட்டுக் கோயிலுக்குப் போவோம். என் வாதம் நிலத்தோடு நின்றுபோனால் அதற்கு மதிப்பில்லை. ஆலய நுழைவு 1947இல் திடீரென்று பிறந்தது அல்ல. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றதும், அதையொட்டி ராஜாஜி அரசு சட்டப் பாதுகாப்பு தந்ததும் நாம் அறிந்தவை. ஆனால் அந்த 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கோயிலைத் திறந்துவிட முடிவு செய்பவர் தருமகர்த்தா. வழிபடுவோரில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை என்று அவர் கருதினால், அரசின் ஒப்புதலோடு திறக்கலாம். அப்படித் திறந்தவர் மீது வழக்கு வராமல் சட்டம் காக்கும். உரிமை திறப்பவருடையது, நுழைபவருடையது அல்ல. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடையாளை நீக்கியது. பொதுக் கோயிலுக்குள் நுழைந்து வழிபடுவது எந்த இந்துவுக்கும் உள்ள உரிமை என்றும், அதைத் தடுப்பது குற்றம் என்றும் சொன்னது. தருமகர்த்தாவின் மனசாட்சிக்கு அங்கே வேலை இல்லை. எஸ்டேட்டுச் சட்டத்தில் ஜமீன்தார் நின்ற இடத்தில் இங்கே அறங்காவலர் நிற்கிறார். இரண்டிலும் ஒரே கை அவரை நகர்த்திவிட்டு, பின்னால் நின்றவரைச் சர்க்காரோடு நேருக்கு நேர் நிறுத்துகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகளாகப் போராடிவந்த தேவதாசி ஒழிப்பும் அதே ஆண்டு முழுச் சட்டமாகியது. கோயில் நிர்வாகத்தை வாரியத்திடமிருந்து அரசுத் துறைக்கு மாற்றும் முயற்சியும் இந்த ஆட்சியில்தான் வேகம் பிடித்தது. அது அடுத்த அமைச்சரவையின் காலத்தில் 1951இல் சட்டமாகி, 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் கத்தரிக்குத் தப்பாமல் போனது தனிக் கதை. பாரதியார் பாடல்களின் உரிமையை அரசே பெற்று மக்களுடையதாக்கும் வேலை 1949இல் தொடங்கியதையும், ஒரு ஆசைக்காக, இந்த வரிசையில் ஓரமாக வைத்துப் பார்க்கலாம். அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப மாட்டேன்.

ஆன்மிகத்தை மறந்துவிட்டீர்களே என்பது அடுத்த மறுப்பு. ஓமந்தூரார் வள்ளலார் வழியில் நின்றவர். திருவண்ணாமலை ரமணரிடம் பக்தி கொண்டவர். சாதி பார்க்காத சன்மார்க்கம்தான் கோயில் கதவைத் திறந்தது என்று சொல்ல ஆட்கள் உண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சிதம்பரமும் கடலூரும் வடலூரும் சேர்ந்த அந்த மாவட்டத்தில் சன்மார்க்கம் புத்தகப் பொருள் அல்ல, பக்கத்து ஊர்ச் செய்தி. வள்ளலாரே தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவில் சாதி, சமயச் சடங்குகளை வேண்டாமென்றவர். ஆகவே இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று வெட்டவில்லை. நேரே நிற்பது என்ற ஒரே பழக்கம் வயலிலும் வழிபாட்டிலும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் பக்தியை மட்டும் காரணமாகக் கொண்டால் ஒன்று இடிக்கும். ராஜாஜியும் பக்திமான்தான். வைத்தியநாத ஐயரின் பக்தியை யாரும் குறைத்துப் பேச முடியாது. அவர்களுடைய காலத்துச் சட்டம் தருமகர்த்தா வழியாகவே போயிற்று. பக்தி கதவைத் திறக்கச் சொல்லும். யார் திறப்பது, சாவி யார் கையில் என்பதை வேறொரு அனுபவம்தான் தீர்மானிக்கிறது.

வகுப்புவாரி ஒதுக்கீட்டிலும் இதே போக்கு தெரிகிறது. 1947இல் மாற்றியமைத்த ஆணைப்படி, ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. பிற்பட்டோருக்கென்று தனி இடம் சென்னை மாகாணத்தில் முதலில் வந்தது இங்கேதான். இந்தப் பங்கீட்டு முறையை எதிர்த்து வந்த செண்பகம் துரைராஜன் வழக்கு 1951இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றதும், அதன் விளைவாக அரசமைப்பின் முதல் திருத்தம் வந்ததும் பள்ளிப் பாடம். அன்று அவரை எதிர்த்தவர்கள் தாடியில்லாத ராமசாமி என்று ஏசினார்கள். ஈரோட்டு ராமசாமியோடு சேர்த்துப் பார்த்த ஏச்சு. அந்தத் தாடிக்காரரின் கருஞ்சட்டைப் படையை 1948 மார்ச்சில் தடை செய்தவரும் இவரே என்பது ஏசியவர்களுக்கு அப்போது நினைவில் இருந்ததா, தெரியவில்லை.

இந்தத் தடையில் தொடங்கித்தான் என் வாதத்தின் கடினமான பாதி வருகிறது. அவர் ஆட்சியில் கருஞ்சட்டைப் படை தடைபட்டது. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பொது அமைதிக்கான சட்டத்தின்கீழ் கம்யூனிஸ்டுகள் விசாரணையின்றி அடைபட்டார்கள். இதற்கு டில்லியைக் காரணம் காட்டலாம், தெலங்கானாவில் நடந்த ஆயுதக் கிளர்ச்சியைக் காரணம் காட்டலாம். நாடு பிளந்து ரத்தம் ஓடிய காலம் என்றும் சொல்லலாம். சொல்லிவிட்டு நகர்வது நேர்மையாகாது. பட்டாதாரருக்குச் சர்க்காரோடு தகராறு உண்டு. சர்க்கார் இல்லாமல் அவருக்கு வாழ்வில்லை. அவருடைய உரிமை முழுவதும் ஒரு சர்க்கார்ப் பதிவேட்டில் எழுதிய பெயர். அந்தப் பதிவேட்டைக் காப்பது ஒழுங்கு. ஆகையால் தீர்வையை எதிர்த்து மறியல் செய்யத் தயங்காத அதே மனம், ஒழுங்கு குலைகிறது என்று எண்ணியதும் போலீஸை அனுப்பவும் தயங்கவில்லை. தனக்கு மேலே உள்ள இடையாளை அது உடனே கண்டுகொண்டது. தனக்குக் கீழே தானே இடையாளாக இருப்பதை அது கண்டுகொள்ளவில்லை.

கீழே இருந்தவர்கள் யார்? பட்டாதாரரின் நிலத்தில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவர்கள், பண்ணையாட்கள், கூலியாட்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் எஸ்டேட்டுக்கு வெளியே உள்ள குத்தகைதாரரைத் தொடவே இல்லை. ரயத்துவாரிப் பகுதியில் பட்டாதாரரும் குத்தகைதாரரும் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு சர்க்காரின் கண்ணுக்கு வெளியே கிடந்தது. தஞ்சைக் கீழைப் பகுதியில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் 1940களில் பண்ணையாட்களைத் திரட்டியபோது அவர்கள் கேட்டது சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும், வாரமும் கூலியும் உயர வேண்டும் என்பது. அவர்களுக்கு எஸ்டேட்டு ஒழிப்பால் ஒரு மரக்கால் நெல் கூடவில்லை. தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. கொண்டுவந்தவர் வக்கீலான ராஜாஜி. சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்பு 1955இல், நியாய வாரம் 1956இல், நில உச்சவரம்பு 1961இல். விவசாயி ஆட்சிக்கு வந்தால் உழவர் குறை தீரும் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு முழங்கட்டும். ஓமந்தூராருக்கு இரக்கம் இல்லை என்பது இதன் பொருள் அல்ல. எந்த விவசாயி என்று கேட்காமல் விவசாயி என்று பேசுவது வீண் என்பதே பொருள்.

இரண்டே ஆண்டில் ஏன் பதவி போனது என்ற கேள்வி மிஞ்சுகிறது. சட்டமன்ற உறுப்பினர்களின் சிபாரிசுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை, மாற்றல், நியமனம், பர்மிட் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார், அதனால் கட்சி அவரைக் கைவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அவரைப் போற்றுபவர்கள் இதை அவர் மகுடமாகச் சூட்டுகிறார்கள். நான் இதையும் அதே இழையில்தான் கோக்கிறேன். அதிகாரிக்கும் குடிமகனுக்கும் நடுவே உறுப்பினர் எதற்கு என்பது அவருடைய கேள்வி. ஜமாபந்தியில் தானே போய் நின்று பேசத் தெரிந்தவரின் கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஜமாபந்தியில் பேச வாய் வராதவருக்கு, பட்டாவே இல்லாதவருக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, தாலுக்கா கச்சேரிப் படியேற ஒரு துணை வேண்டியிருந்தது. அந்தத் துணைக்கு விலை இருந்தது, அதில் அழுக்கும் இருந்தது. ஆயினும் கட்சி என்பது அத்தகைய துணைகளின் கூட்டம்தான் என்பதைக் காமராஜர் புரிந்துகொண்ட அளவுக்கு ஓமந்தூரார் புரிந்துகொள்ளவில்லை. 1949இல் அவரை முன்பு நிறுத்திய அணியே ராஜபாளையத்து பி. எஸ். குமாரசாமி ராஜாவைத் தேர்ந்தது. இவர் பதவியைத் துண்டைப் போல உதறிவிட்டு வந்தார் என்கிறோம், அது மெய். போய்ச் சேர ஒரு வீடும், பயிர் செய்ய நிலமும், மனத்துக்கு வடலூரும் இருந்ததால் அந்த உதறல் அவருக்கு எளிதாயிற்று என்பதும் மெய். பின்னாளில் வடலூரில் கல்வி, மருத்துவம், ஆதரவற்றோர் பராமரிப்பு என்று அவர் செய்த பணிகள் 1970 ஆகஸ்ட் 25இல் இறக்கும்வரை தொடர்ந்தன. அரசியல் ஒன்றே வருமானமாகவும் முகவரியாகவும் ஆகிவிட்ட ஒருவரிடம் இந்த உதறலை எதிர்பார்த்து, அது வராதபோது அவரை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர் விலகிய பிறகும் சட்டங்கள் நிற்கவில்லை. எஸ்டேட்டுகளை அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது 1949இல். கோயில் சட்டம் 1951இல். ஆளை மாற்றியும் போக்கு மாறாததற்குக் காரணம், மன்றத்தில் பெரும்பான்மையினர் அந்தப் போக்கின் பிள்ளைகளாக இருந்தது. அதை மாற்றியது வாக்காளர் பட்டியல். 1952 தேர்தலில் வயது வந்த எல்லோரும் முதன்முறையாக வாக்களித்தார்கள். தீர்வை ரசீதோ சொத்தோ கேட்கப்படவில்லை. சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. ஓமந்தூராரின் சொந்தத் தென்னார்க்காட்டில் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி வன்னியக் குடியானவர்களையும் கூலிக்காரர்களையும் திரட்டி நின்று, மாகாணத்தில் மொத்தம் 19 இடங்களை வென்றது. வடக்கே செங்கல்பட்டு, வடஆர்க்காடு பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களைப் பிடித்தது. பட்டாதாரரின் வரப்புக்குக் கீழே நின்றவர்கள் தமக்கென்று ஒரு விவசாயி அரசியல்வாதியை அனுப்பிவைத்தார்கள். 1954இல் காமராஜர் அமைச்சரவை அமைத்தபோது படையாட்சியாருக்கு அதில் இடம் கொடுத்தார். அடுத்த ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவைக்கு வந்தது.